எலும்புக்கூடு வேண்டாம், காலிப்பர் வாங்குங்கள்: மானிடவியல் பிராக்டிகல் செட் பற்றி ஒரு மதிப்புரை

பி.எஸ்சி. மானிடவியலில் சேர்ந்த கையோடு பலருக்கும் வரும் ஆசை, வீட்டில் ஒரு எலும்புக்கூடு வாங்கி நிறுத்த வேண்டும் என்பது. ஆன்லைனில் தேடினாலும் முதலில் வந்து நிற்பது அதுதான்: சக்கரம் வைத்த ஸ்டாண்டு, ஆறடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம், தூசி படாமல் மூட ஒரு பிளாஸ்டிக் உறை. படம் எடுத்துப் போட அருமையான பொருள். படிக்க அவ்வளவு உதவாது. அந்தப் பணத்துக்குள் ஒரு நல்ல மண்டையோடு, தலையை அளக்க வளைந்த கையுள்ள ஒரு ஸ்ப்ரெடிங் காலிப்பர், ஆண் பெண் இடுப்பெலும்பு ஒரு ஜோடி, எலும்பை அளக்க நேரான ஒரு வெர்னியர் நான்கும் பெரும்பாலும் அடங்கிவிடும். அவற்றில் எதை எப்படிப் பார்த்து வாங்குவது, எதைத் தள்ளுவது என்பதுதான் இந்த மதிப்புரை.

புதுச்சேரி, கடலூர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். காலாப்பட்டில் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் துறை இருக்கிறது. சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலையிலும் இருக்கிறது. ஆனால் இளநிலைப் பட்டமாகவே படிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் டெல்லி, கொல்கத்தா என்று ரயிலேறுகிறார்கள், அல்லது இக்னோவில் தொலைநிலைக் கல்வியாகச் சேர்கிறார்கள். இக்னோ பாடநூல்கள் இகியான்கோஷ் தளத்தில் காசில்லாமலே கிடைக்கும், ஆகவே புத்தகச் செலவு பெரிய விஷயமில்லை. இடிப்பது பிராக்டிகலில்தான். தொலைநிலையில் கருவியும் சொல்லித்தர ஆளும் ஒரே அறையில் இருக்கும் நாட்கள் கொஞ்சம். மீதி நாளெல்லாம் கை பழக வேண்டியது வீட்டில், அண்ணன் தலையிலும் அத்தை முகத்திலும்.

யுஜிசி வகுத்த பாடத்திட்டத்தில் உயிரியல் மானிடவியலின் முதல் பிராக்டிகலே உயிருள்ள ஆளை அளப்பது: தலை நீளம், தலை அகலம், நெற்றியின் குறைந்த அகலம், கன்ன எலும்பு அகலம், தாடை அகலம், மூக்கின் உயரம், அகலம், முக உயரம், தலைச் சுற்றளவு, நின்ற உயரம், உட்கார்ந்த உயரம், எடை. மண்டையோடும் கை கால் எலும்புகளும் அதற்குப் பிறகுதான். இந்த வரிசையிலேயே செலவு செய்தால் போதும்.

சந்தையில் "ஆன்த்ரோபாமெட்ரி செட்" என்ற பெயரில் ஒரு பெட்டி விற்கிறார்கள். உள்ளே வெல்வெட் துணி ஒட்டிய பள்ளங்களில் ஸ்ப்ரெடிங் காலிப்பர், ஸ்லைடிங் காலிப்பர், உடம்பின் உயரங்களை அளக்கும் ஆன்த்ரோபாமீட்டர் கம்பி நான்கு துண்டாகக் கழற்றியபடி, டேப், சிலவற்றில் தோல் மடிப்பின் தடிமன் பார்க்கும் ஸ்கின்ஃபோல்டு காலிப்பரும். உள்ளூர் சர்ஜிக்கல் கடைகளில் கேட்டுப் பலனில்லை. ஆன்த்ரோபாமீட்டர் என்றால் உயரம் பார்க்கிற ஸ்டேடியோமீட்டரைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அம்பாலா போன்ற கருவித் தயாரிப்பு ஊர்களிலிருந்து பார்சலில் வருவதுதான் வழக்கம். சுவிட்சர்லாந்து ஜி.பி.எம். கருவி என்று ஆய்வகங்களில் பெருமையாகக் காட்டுவது வேறு ரகம். அதன் விலை மாணவர் கைக்கு எட்டாது, எட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

பெட்டியில் உயிரான கருவி ஸ்ப்ரெடிங் காலிப்பர். வளைந்த இரண்டு கை, நடுவில் கீல், ஒரு கையிலிருந்து மற்றதற்குப் போகும் ஸ்கேல். தலை நீளம், அகலம், கன்ன அகலம் மூன்றும் இதை விட்டால் வேறு வழியில் ஒழுங்காக வராது. நேரான வெர்னியரின் தாடை அவ்வளவு ஆழம் போகாது, நடுவில் மூக்கோ காதோ மறிக்கும். பார்சலைப் பிரித்ததும் செய்ய வேண்டியவை மூன்று. முனைகளைச் சேர்த்துப் பிடித்தால் ஸ்கேல் சரியாகப் பூஜ்யத்தில் நிற்கிறதா பாருங்கள். கீலைப் பிடித்துத் தூக்கி மெல்ல ஆட்டுங்கள்: ஒரு கை தானாகத் தொங்கினால் திருகு தளர்ந்திருக்கிறது, இறுக்கியும் நிற்காவிட்டால் திருப்பி அனுப்புங்கள். மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு ஸ்டீல் ஸ்கேலை மேசையில் வைத்து 50, 100, 150, 200 மில்லிமீட்டரில் முனைகளை வைத்து, காலிப்பர் என்ன காட்டுகிறது என்று எழுதிப் பாருங்கள். 50இல் சரியாக இருந்து 200இல் இரண்டு மில்லி தப்புகிற கருவிகள் உண்டு. கீலோ ஸ்கேல் பொருந்தும் புள்ளியோ கொஞ்சம் தள்ளியிருந்தால் முனை விரிய விரியப் பிழையும் வளரும். மனிதத் தலை அளவு பெரும்பாலும் 140க்கும் 200க்கும் இடையில்தான் விழுகிறது. அதாவது பிழை வளர்ந்து நிற்கும் இடத்தில்.

இரண்டு மில்லிக்கு என்ன பெரிய வித்தியாசம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. தலைக் குறியீடு என்பது அகலத்தை நீளத்தால் வகுத்து 100ஆல் பெருக்கியது. நீளம் 182, அகலம் 138 என்றால் 75.8, அது நீள்தலை. அகலம் 139 என்று ஒரே ஒரு மில்லி கூட்டிப் படித்தால் 76.4, நடுத்தலை ஆகிவிடும். உயிருள்ளவரை அளக்கும்போது எல்லை 76இல் விழுவதால் ரெக்கார்டு நோட்டில் ஆளின் வகையே மாறிப்போகிறது. எக்ஸ்டர்னல் தேர்வாளர் அதே ஆளைத் திரும்ப அளக்கச் சொன்னால் அங்கேதான் வியர்க்கும்.

கருவி சரியாக இருந்தும் அளவு தப்புவது அதிகம், ஏனென்றால் அளவைப் பிடிப்பது விரல். தலை நீளத்துக்கு ஆளை ஸ்டூலில் உட்கார வைத்து அவருடைய இடப்பக்கம் நின்றுகொள்ளுங்கள். இடது கையால் காலிப்பரின் ஒரு முனையை இரு புருவத்துக்கும் நடுவே மேடிட்ட இடத்தில், கிளாபெல்லாவில், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துப் பிடித்து அசையாமல் வையுங்கள். வலது கை முனையைப் பின்தலையில் நடுக்கோட்டோடு மேலும் கீழும் நகர்த்துங்கள். எங்கே எண் உச்சம் தொடுகிறதோ அதுதான் அளவு. வழக்கமாக நடக்கும் தப்பு இரண்டு. கண் பின்தலை முனையிலேயே இருக்க, முன் முனை வழுக்கி மூக்கின் வேருக்கு இறங்கிவிடும், நீளம் குறையும். அல்லது பின் முனை நடுக்கோட்டை விட்டுப் பக்கவாட்டில் போகும். எண்ணெய் வைத்து வாரிய தலையில் முனை வழுக்குவது இன்னும் எளிது, பின்னலோ கொண்டையோ இருந்தால் அவிழ்த்தே ஆக வேண்டும். தலைமுடி எலும்பு வரை அழுந்தட்டும், தோல் வலிக்கிற அளவு வேண்டாம்.

கன்ன அகலத்தில் வேறு ஒரு வலை. கண்ணாடியில் பார்த்தால் கன்னம் பிதுங்கித் தெரிகிற முன்பக்கத்தில் முனையை வைக்கத் தோன்றும். எலும்பின் வளைவு உண்மையில் அகலமாவது அதற்குப் பின்னால், காதுக்குப் பக்கத்தில். முனைகளைக் கன்ன எலும்பின் மேல் முன்னும் பின்னும் நகர்த்தி உச்ச எண்ணைப் பிடித்தால்தான் அது கிடைக்கும்.

ஸ்லைடிங் காலிப்பர் பெட்டியில் வருவது சுமார். மரவேலைக் கடையிலோ ஹார்டுவேர் கடையிலோ கிடைக்கும் 150 மில்லி டிஜிட்டல் வெர்னியரே எலும்புக்குப் போதும், படிப்பதும் எளிது. ஆனால் அதன் தாடை கூர்மையானது. ஆள் முகத்தில் வைக்கும்போது மொட்டை முனையுள்ள காலிப்பரைத்தான் எடுக்க வேண்டும். பெட்டிக் கருவிக்கு இரண்டு பக்கமும் முனை உண்டு: கூர் முனை மண்டையோட்டுக்கு, மழுங்கிய முனை உயிருள்ளவருக்கு. மாற்றிப் பிடிக்கிற மாணவர்கள் இருக்கிறார்கள், அளக்கப்படுகிறவருக்குத்தான் கஷ்டம். மூக்கு அகலம் அளக்கும்போது நாசியிதழைத் தொட மட்டும் வேண்டும், அமுக்கக் கூடாது. அமுக்கினால் 38 மில்லி 35 ஆகிவிடும், மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து வரும் குறியீடும் கூடவே இறங்கும்.

மூக்குக் குறியீடு என்றதும் ஒரு இடைச்செருகல். 1901 சென்சஸ் கமிஷனர் ரிஸ்லி, மூக்கு அகலத்தை வைத்துச் சாதிகளை மேல் கீழ் என்று அடுக்கப் பார்த்தவர். மதராஸ் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் தர்ஸ்டனும் இதே காலிப்பரைத் தூக்கிக்கொண்டு மாகாணம் முழுக்க அளந்தார். அந்தத் தர வரிசையை இன்றைய உயிரியல் மானிடவியல் குப்பையில் போட்டுவிட்டது. கருவி மட்டும் மிஞ்சி, குழந்தை வளர்ச்சி, ஹெல்மெட்டும் நாற்காலியும் வடிவமைப்பது, தடய அறிவியல் என்று வேறு வேலை பார்க்கிறது. வாய்மொழித் தேர்வான வைவாவில் இது கேள்வியாக வரும், வர வேண்டும்.

ஆன்த்ரோபாமீட்டர் கம்பிக்கு எங்கள் மதிப்பெண் குறைவு. நான்கு துண்டும் பொருந்துகிற மூட்டுகளில் மலிவு ரகம் ஆடும். இரண்டு மீட்டர் உயரத்தில் அந்த ஆட்டம் செங்குத்தை விட்டுச் சாய்ந்து உயரத்தில் பிழையாக நிற்கும். துண்டுகளை வரிசை மாற்றிச் செருகி எண் விட்டுப்போவது இன்னொரு பழைய கதை. இதற்குப் பதிலாகச் சுவரில் ஒரு ஸ்டீல் டேப்பைத் தூக்குக்குண்டு பார்த்து ஒட்டி, தச்சர் வைத்திருக்கும் மட்டப்பலகையைத் தலையில் அழுத்தினால் உயரம் நன்றாகவே வரும். தரை மட்டமான இடமா என்பதை மட்டும் முதலில் பாருங்கள், பழைய வீட்டு ரெட் ஆக்சைடு தரைகள் வாசலை நோக்கிச் சாய்ந்திருக்கும். தலையை ஃபிராங்க்ஃபர்ட் தளத்தில் வைக்க வேண்டும்: கண்குழியின் கீழ் விளிம்பும் காதுத் துளைக்கு முன்னிருக்கும் சின்னக் குமிழின் மேல் வெட்டும் ஒரே கிடைமட்டத்தில். 1884இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் கூடி ஒப்புக்கொண்ட நிலை அது. மோவாயைத் தூக்கி நிற்பவர் அரை சென்டிமீட்டர் இழப்பார். காலையில் எழுந்ததும் இருக்கும் உயரம் சாயங்காலத்துக்குள் ஒரு சென்டிமீட்டரோ அதற்கு மேலோ குறையும், முதுகெலும்பின் வட்டுகள் அமுங்குவதால். ஆகவே நேரத்தையும் எழுதுங்கள். உட்கார்ந்த உயரத்துக்கு ஸ்டூல் உயரத்தைக் கழிக்க மறப்பவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தோள் அகலத்துக்கு மட்டும் கம்பியின் மேல் துண்டு பெரிய ஸ்லைடிங் காலிப்பராக உதவும், அது ஒன்றுதான் இந்தக் கம்பியால் ஆகிற தனி லாபம்.

ஸ்கின்ஃபோல்டு காலிப்பர் முதல் வருடத்தில் தேவையே இல்லை. நல்ல கருவியில் எவ்வளவு விரித்தாலும் முனை அழுத்தம் சதுர மில்லிக்கு 10 கிராம் என்று மாறாமல் நிற்கும். பிளாஸ்டிக் ரகத்தில் அந்த உத்தரவாதம் கிடையாது. வளர்ச்சி பற்றிய தாள் வரும்போது கடன் வாங்கிக்கொள்ளலாம். டேப் எதுவும் சரி, துணி டேப் மட்டும் வேண்டாம், நனைந்து நீண்டுவிடும்.

இப்போது மண்டையோடு. இதுதான் கண்ணுக்கும் விரலுக்கும் வாத்தியார், ஆகவே இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. முதலில் பார்க்க வேண்டியது எலும்புகளின் தையல் கோடுகள். மலிவு வார்ப்பில் கோட்டை வெறும் பிரவுன் பெயின்டால் வரைந்திருப்பார்கள், நகத்தால் தடவினால் ஒன்றும் தடுக்காது. நல்ல வார்ப்பில் கோடு பள்ளமாக இருக்கும். இது அழகுக்குச் சொல்வதல்ல. மூக்கெலும்பும் நெற்றி எலும்பும் சேரும் தையலின் நடுப்புள்ளிதான் நேசியான்; மூக்கு உயரமும் முக உயரமும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. உயிருள்ள முகத்தில் பெரும்பாலோர் மூக்கின் வேரில் ஆழமாகக் குழிந்த இடத்தையே நேசியான் என்று குறிக்கிறார்கள், உண்மையான புள்ளி பெரும்பாலும் அதற்குக் கொஞ்சம் மேலே இருக்கும். மண்டையோட்டில் அந்தத் தையலை விரல் நகத்தால் நூறு தடவை தொட்டுப் பழகியவருக்கு முகத்தில் தோலுக்கு அடியிலும் அது தட்டுப்படும். பெயின்ட் கோட்டில் பழகியவருக்குத் தட்டுப்படாது.

அடுத்து துளைகள். கண்குழிக்குக் கீழே, கீழ்த்தாடையின் முன்பக்கம், மண்டையின் அடியில் இருக்கும் துளைகளில் ஒரு குண்டூசியை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் அச்சு நல்ல எலும்பிலிருந்து எடுத்தது, முட்டினால் நகலின் நகல். கடைவாய்ப் பற்கள் தனித்தனியாகப் பிரிந்து மேடு பள்ளத்தோடு இருக்கின்றனவா, ஒரே கட்டியாக வார்த்திருக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். கீழ்த்தாடையை இரண்டு ஸ்ப்ரிங் பிடித்திருக்கும். அளக்கும் முன் கழற்றிவிடுங்கள்.

மருத்துவ மாணவருக்காகச் செய்த மண்டையோட்டில் மேல் மூடி தனியாகக் கழலும், பக்கத்தில் இரண்டு கொக்கி இருக்கும். உள்ளே பார்க்க அது நல்லது. ஆனால் அடித்துளையின் முன்விளிம்பிலிருந்து உச்சியில் தையல்கள் சந்திக்கும் பிரெக்மா வரையுள்ள உயரத்தை அளக்கும்போது அளவு அந்த வெட்டைத் தாண்டிப் போகிறது. மூடி சரியாக உட்காராவிட்டால் ஒன்றிரண்டு மில்லி ஏறும். ரெக்கார்டில் இந்த ஒரு அளவு மட்டும் வகுப்பில் எல்லாருக்கும் வேறு வேறாக வந்தால் மூடியைப் பாருங்கள், கையைக் குற்றம் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு எலும்புக்கும் ஒரு நிறம் பூசி எண் போட்ட மண்டையோடுகள் பார்க்கக் கிளி மாதிரி இருக்கும். முதல் வாரம் உதவும், அதன் பிறகு மேற்பரப்பைப் படிக்கவிடாமல் அந்த நிறமே மறைக்கும்.

ஒற்றை மண்டையோடு கற்றுத்தராத விஷயம், எலும்பு ஆணுடையதா பெண்ணுடையதா என்று அறிவது. காதுக்குப் பின்னுள்ள மாஸ்டாய்டு மேடு, பின்தலை முகடு, புருவ மேடு, கண்குழியின் மேல் விளிம்பு, மோவாய் என்று ஐந்து இடத்துக்கு 1 முதல் 5 வரை மதிப்புக் கொடுக்கிற முறை நடைமுறையில் இருக்கிறது. பெரிது, சிறிது என்பது பக்கத்தில் இன்னொன்று இருந்தால்தான் தெரியும். அதனால்தான் இடுப்பெலும்பை ஜோடியாக வாங்கச் சொல்கிறோம். முன்பக்கம் இரண்டு எலும்பும் சேருமிடத்துக்குக் கீழே விரியும் கோணத்தில் ஆணுக்கு ஆள்காட்டி, நடுவிரல் இரண்டையும் விரித்த வி வடிவம் பொருந்தும், பெண்ணுக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விரிந்த அகலம் பொருந்தும். பின்பக்கத்துப் பெரிய வெட்டும் அப்படியே: பெண்ணில் அகலம், ஆணில் குறுகல். இந்த இரண்டையும் பிளாஸ்டிக் நன்றாகவே காட்டுகிறது. வயது காட்டாது. இரண்டு இடுப்பெலும்பும் முன்னால் சந்திக்கும் முகத்தில் இளம் வயதில் வரப்பு வரப்பாக இருந்து, வயது ஏற ஏறத் தேய்ந்து விளிம்பு கட்டும்; 1920இல் டாட் என்ற உடற்கூறியலாளர் வகைப்படுத்திய அந்த மாற்றம் சாதாரண வார்ப்பில் வழவழவென்று போயிருக்கும். அதற்கென்று தனி வார்ப்புத் தொகுப்புகள் இருக்கின்றன, அவை துறையின் அலமாரியில் இருந்தால் போதும்.

முழு எலும்புக்கூட்டை ஏன் வேண்டாம் என்றோம்? கம்பியில் கோத்து நிற்பதால் ஒரு எலும்பையும் தனியாகக் கையில் எடுத்துத் திருப்ப முடியாது. தேர்வில் மேசையில் ஒற்றை எலும்பை வைத்து இடமா வலமா என்றுதான் கேட்பார்கள். தொடையெலும்பு என்றால் பந்து போன்ற தலை உள்பக்கம், நெடுக ஓடும் முரட்டுக் கோடு பின்பக்கம் என்று கையில் எடுத்து உடம்போடு வைத்துப் பார்க்க வேண்டும். முழங்காலுக்குக் கீழுள்ள மெல்லிய எலும்பான ஃபிபுலாவை ஸ்டாண்டில் பார்த்துப் பழகி யாரும் பக்கம் சொன்னதில்லை. 85 சென்டிமீட்டர் பாதி உயரக் கூடு இன்னும் வீண். அதில் அளவெடுப்பதில் அர்த்தமே இல்லை. கோக்காமல் தனித்தனியாக வரும் செட்டில் ஒரு பக்கத்துக் கை கால் எலும்புகள் மட்டும் இருக்கும் அரை செட்டே போதும்.

மருத்துவக் கல்லூரி சீனியர்களிடம் உண்மையான மனித எலும்பு செட் கைமாறி வரும், அதை வாங்கலாமா என்று கேட்பார்கள். மேற்பரப்பைப் படிக்க அதற்கு நிகர் இல்லைதான். ஆனால் அது யாருடைய எலும்பு, யார் சம்மதித்தார்கள் என்ற கேள்விக்கு அந்த செட்டோடு எந்தத் தாளும் வராது. கொல்கத்தா ஒரு காலத்தில் உலகத்துக்கே எலும்பு அனுப்பிய ஊர். 1985இல் இந்தியா அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. வீட்டுக்கு அது வேண்டாம். துறையிலோ அனாடமி ஆய்வகத்திலோ முறையாகப் பதிவுள்ள எலும்பைக் கையில் எடுங்கள்.

நீள எலும்பை அளக்கும் ஆஸ்டியோமெட்ரிக் போர்டை வாங்கவே வேண்டாம். அறுபது சென்டிமீட்டர் பலகை, ஒரு முனையில் செங்குத்தாக அடித்த கட்டை, நகரும் இன்னொரு கட்டை, நடுவில் ஒட்டிய மில்லிமீட்டர் கிராஃப் தாள்: தச்சரிடம் சொன்னால் அரை நாள் வேலை. இரண்டு கட்டையும் பலகைக்குச் சரியாக 90 பாகையில் நிற்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பாருங்கள், அது ஒன்றுதான் முக்கியம். தொடையெலும்பின் உச்ச நீளம் வேறு, இரண்டு முழங்கால் குமிழும் கட்டையில் படிய வைத்து அளக்கும் நீளம் வேறு. எலும்பின் நீளத்திலிருந்து ஆளின் உயரத்தைக் கணக்கிடும் சூத்திரம் எந்த நீளத்தைக் கேட்கிறது என்று பார்த்துத்தான் போட வேண்டும். டிராட்டர், கிளேசர் இருவரும் 1952இல் கொடுத்த ஒரு சூத்திரத்தில் உச்ச நீளம் 44 சென்டிமீட்டர் என்றால் 2.38ஆல் பெருக்கி 61.41 கூட்ட 166.1 சென்டிமீட்டர் உயரம் வரும், கூட்டியோ குறைத்தோ 3.27. அது அமெரிக்க வெள்ளையின ஆண்களை வைத்துச் செய்தது. நம் ஊர் எலும்புக்கு அப்படியே போட்டு உயரம் சொன்னால் வைவாவில் அடுத்த கேள்வி அங்கேதான் பிறக்கும். பிளாஸ்டிக் எலும்பின் நீளத்தையும் கணக்குப் பழகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும், வார்ப்பு ஆறும்போது சுருங்குகிற பொருள் அது.

பரிணாமத் தாளுக்கு ஆதி மனிதர்களின் மண்டையோடு வார்ப்புகளை விலைக்கு வாங்குவது இப்போது தேவையில்லாத செலவு. ஹோமோ நலெடி உட்பட எத்தனையோ புதைபடிவங்களின் 3டி கோப்புகள் மார்ஃபோசோர்ஸ் போன்ற தளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. 3டி பிரிண்ட் செய்கிறவரிடம் முழு அளவில், அடுக்குத் தடிமன் 0.2 மில்லி என்று சொல்லி எடுத்தால் புருவ மேடும் தாடை வடிவமும் நன்றாகவே தெரியும். பாதி அளவில் எடுத்தால் காசு மிச்சம், ஒப்பிடுவதற்கு உதவாது. சாதாரண பி.எல்.ஏ. பிளாஸ்டிக் என்றால் 60 பாகை சூட்டில் இளகும், சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்தால் நியாண்டர்தால் நெளிந்துவிடுவார். 1982இல் ஹத்னோராவில் கிடைத்த நர்மதை மண்டையோட்டைப் படிக்கும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்க ஹோமோ எரெக்டஸ் வகை ஒன்றும் நம் வகை ஒன்றும் கையில் இருப்பது மிகப் பெரிய உதவி.

கைரேகை பிராக்டிகலுக்கு என்று விற்கிற கிட் வேண்டாம். ஸ்டாம்ப் பேடு மை தண்ணீராக ஓடி வரிகளுக்கு நடுவே நிறையும், வரி எண்ண முடியாது. அச்சகத்தில் கெட்டியான கறுப்பு மை ஒரு சின்ன டப்பா கேட்டு வாங்குங்கள். ஒரு கண்ணாடித் துண்டு, ஒரு ரப்பர் ரோலர் போதும். பட்டாணி அளவு மை எடுத்துக் கண்ணாடி நிறம் மங்கலாகத் தெரிகிற அளவுக்கு மெல்லிசாகத் தேயுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் விரல் வியர்த்து வரி வழுக்கும், ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து உலர்ந்ததும் மை பூச வேண்டும். கட்டைவிரலை உடம்பை நோக்கியும் மற்ற விரல்களை வெளிப்பக்கமாகவும் நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே உருட்டாக உருட்டுங்கள். திரும்ப உருட்டினால் இரட்டை வரி விழும். உருட்டு பாதியில் நின்றால் ஓரத்தில் இருக்கும் முக்கோணச் சந்திப்பு தாளில் விழாது, சுழலை லூப் என்று எண்ணிவிடுவீர்கள். லூப்புக்கு ஒன்று, சுழலுக்கு இரண்டு, எளிய வளைவுக்கு எதுவுமில்லை என்ற கணக்கே அந்தச் சந்திப்பை வைத்துத்தான். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் விரலைத் துடைத்துவிடலாம். உலகின் முதல் கைரேகைக் காரியாலயம் 1897இல் கொல்கத்தாவில் தொடங்கியது என்பதும், வகைப்படுத்தும் வேலையில் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் இருவரின் பங்கு பெரிது என்பதும் ரெக்கார்டில் ஒரு வரி எழுதத் தகுந்தவை.

நாக்குக்குக் கசப்பு தெரிகிறதா என்று பார்க்கும் பி.டி.சி. சுவைத் தாள் வாங்கலாம், மலிவு. வெறும் தாளை முதலில் நாக்கில் வைத்துக் கேட்டுவிட்டுப் பிறகுதான் மருந்துத் தாள். இரத்த வகை ஆன்டிசீரம் செட் வீட்டுக்கு வேண்டாம். 2 முதல் 8 பாகைக்குள் வைத்திருக்க வேண்டிய மருந்து, குத்திய ஊசியை அகற்ற வேறு வழி வேண்டும். வகுப்பில் செய்யும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்: காற்றில் சொட்டின் ஓரம் காய்ந்து திரண்ட மாதிரி தெரியும், ஓ வகை ஆளுக்கு ஏ என்று எழுதிவிடுவீர்கள்.

வாங்கியது சரியா என்பதைவிடக் கை சரியா என்று பார்க்க ஒரு சோதனை. பத்துப் பேரின் தலை நீளத்தை இன்றும் நாளையும் அளந்து, முதல் நாள் எண்ணைப் பார்க்காமல் எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்ணின் வித்தியாசத்தை வர்க்கப்படுத்திக் கூட்டி, இருபதால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். கூட்டுத்தொகை 20 என்றால் விடை 1 மில்லி. இரண்டைத் தாண்டினால் முன் முனை இன்னும் வழுக்குகிறது என்று பொருள்.

கடைசியாக உப்புக் காற்று. தேவனாம்பட்டினத்திலும் பீச் ரோடு பக்கத்துத் தெருக்களிலும் வெல்வெட் பெட்டிக்குள் வைத்த காலிப்பர் கீலில்தான் முதலில் துருப் பிடிக்கும், ஈரத்தை வெல்வெட் விடாமல் பிடித்துவைப்பதால். கையில் எடுத்த ஒவ்வொரு நாளும் உலர்ந்த துணியால் துடைத்து, கீலில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டு, பெட்டியில் இல்லாமல் மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பொட்டலத்தை மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை மாற்றினால் போதும். மண்டையோட்டை மொட்டை மாடி அறையில் வைக்க வேண்டாம், சூட்டில் மலிவு பி.வி.சி. பிசுபிசுத்து, தூசி ஒட்டிக்கொண்டால் எந்தத் தையலும் நகத்தில் தட்டுப்படாது.